ஓடு பிரித்த வெயில் கம்பவுண்டர்

திருநெல்வேலிச் சீமையில் வெயிலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் வெயில் கம்பவுண்டர்தான். எருமைகூட ஆற்றைத் தேடி ஓடுகிற பாளையங்கோட்டை வெயிலை அவர் மருந்தென்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார்.

தரும ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குவது அவர் வேலை. சளியா, காலை வெயில். மூட்டுவலியா, காலை வெயில். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறதா, அதற்கும் வெயில்தான். கூடவே ஒரு கரண்டி மீனெண்ணெய். அந்த வாடைக்கு மூன்று தெருப் பூனைகள் அவர் பின்னால் வரும். ஒருமுறை தாசில்தாரின் குடையையே பிடுங்கி மடக்கிவிட்டார். "குடை நாளைக்கும் இருக்கும். உடம்பு இருக்குமா வே?" ஆஸ்பத்திரியே நடுங்கியது. தாசில்தார் எண்ணெயை விழுங்கினார்.

அவரிடம் வசமாக மாட்டியவர் என் அண்ணன். இருபத்தாறு வயது, பள்ளிக்கூட வாத்தியார். காலையில் முகம் வீங்கி அதைத்திருக்கும். கணுக்காலை அமுக்கினால் குழி விழும். குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், பழுதாகிவிட்டது, இனித் தேறாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். உப்பில்லாக் கஞ்சியும் ஜெபமும்தான் மிச்சம். கம்பவுண்டர் மட்டும் விடவில்லை. தினமும் காலையில் வந்து அண்ணனைக் கயிற்றுக் கட்டிலோடு முற்றத்துக்கு இழுத்துப் போடுவார்.

"அண்ணாச்சி, நான் என்ன கருவாடா?"

"கருவாடு கெட்டுப்போய்ப் பாத்திருக்கீரா வே? பேசாம கிடயும்."

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. அண்ணன் பிழைத்துவிடுவார் என்று நாங்களும் நம்பத் தொடங்கினோம்.

முதல் உலக யுத்தம் முடிகிற வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. மாதா கோயிலில் சாவு மணி ஓயவில்லை. அண்ணனுக்கும் காய்ச்சல் கண்டதும் அம்மா எல்லோரையும்போல வீட்டை அடைத்தாள். சன்னல் இடுக்கிலெல்லாம் பழந்துணி திணித்தாள். "காத்துப் பட்டா ஜன்னி கண்டுரும். ஒருத்தரும் கதவைத் திறக்கப்பிடாது."

கம்பவுண்டர் வாசலில் நின்று கெஞ்சிப் பார்த்தார். பிறகு சத்தத்தையே காணோம். சற்று நேரத்தில் கூரையில் சரசரவென்றது. ஓடுகள் விலகி, அண்ணன் நெஞ்சில் ஒரு முழ வெயில் விழுந்தது.

"என்னய்யா, வீட்டைப் பிரிச்சுப் போடுதீரு?" என்று அம்மா அலறினாள்.

"கதவைத்தானக்கா திறக்கப்பிடாதுன்னீங்க."

வெயில் நகர நகர அவரும் அடுத்த ஓட்டைப் பிரித்தார். மத்தியானத்துக்குள் பாதிக் கூரை முற்றத்தில் கிடந்தது. இருமலுக்கு நடுவே அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அம்மாவும் தடுக்காமல் விட்டுவிட்டாள்.

அது ஐப்பசி மாதம் என்பதை எல்லோருமே மறந்துபோனோம். சாயங்காலம் மழை கொட்டியது. கம்பவுண்டர் கூரைமேல் பாயை விரித்து, அதன்மேல் தானும் குப்புறப் படுத்துக்கொண்டார். அப்படியும் ஒழுகியது. கட்டிலை எந்த மூலைக்கு இழுத்தாலும் நனைந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கம்பவுண்டர் ஓடு வேய வந்தார். நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "தம்பி, நான் பிரிக்காட்டா அண்ணன் பொழச்சிருப்பாரோ?"

எனக்குப் பதினெட்டு வயது. யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. "பொழச்சிருப்பாரு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மிச்ச ஓட்டையும் வேய்ந்தார். அதன்பிறகு யாரையும் அவர் வெயிலில் போய் நிற்கச் சொல்லவில்லை. கேட்டாலும் மருந்துப் புட்டியை மட்டும் நீட்டுவார். என்னைக் கண்டால் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். சொன்ன சொல்லை நான் திருப்பி வாங்கவே இல்லை.

இப்போது, எழுபத்தைந்து வயதில், என் சிறுநீரகமும் பழுது. போன மாதம் டாக்டர் சொன்னார்: வெயிலும் மீனெண்ணெயும் தருகிற சத்தை உடம்புக்கு உதவும்படி கடைசியில் ஆக்கித் தருவது சிறுநீரகந்தானாம். அது கெட்டுவிட்டால் எவ்வளவு வெயில் காய்ந்தாலும் போதாதாம். மழையில் நனையாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணன் கதையைச் சொல்லிக் கேட்டேன். "அந்த உடம்பைக் கொண்டுபோக அந்தக் காய்ச்சலே போதும், ஐயா" என்றார்.

அண்ணாச்சி, அன்றைக்கு நான் சொன்னது பொய். உங்கள் வெயிலில்தான் என் அண்ணன் இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டு கிடந்தார்.