சனிக்கிழமை குதிரை வேண்டாம்

தராஸ், வியாழக்கிழமை

பெருமதிப்புள்ள துங்கிஷ்பாய் மாமா அவர்களுக்கு,

உங்கள் சகோதரி மகள் கென்ஜெகுல் பணிந்து எழுதுவது. மந்தையும் மக்களும் நலமா? மாமியின் முழங்கால் தேவலையா? சினையாக இருந்த செம்பழுப்புக் குதிரை நல்லபடியாகக் குட்டி போட்டதா? நாங்கள் நலம். என் வீட்டுக்காரர் ரோடியோனைப் பொறுத்தவரை, முக்கால் நலம்.

சுன்னத் ஆனவரைக் குதிரையில் ஏற்றி ஊரைச் சுற்றிவர, சனிக்கிழமை குதிரையோடு வருவதாகச் சொன்னீர்கள். கொரிய வம்சத்து மனிதரான அவருக்கு இங்கே தாய்மாமன் இல்லாததால் அந்த முறையை நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றும், சுன்னத் தொப்பிக்கு ஆந்தை இறகு தேடி வைத்தாகிவிட்டது என்றும் மாமி சொன்னார். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்குத் தலைச்சுற்றளவு என்ன என்று அவர் கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மருமகள் மாமாவுக்கு எழுதுகிற விஷயமில்லை இது. ஆனால் காகிதம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவர் சுன்னத் செய்துகொண்டது மார்க்கத்துக்காக இல்லை மாமா, மருவுக்காக. கையில் வருகிற மரு இல்லை. முன்தோலில் வருகிறது, உறவில் தொற்றுவது. களிம்பு போட்டோம், திரும்பி வந்தது. உறையவைத்து எடுத்தார்கள், திரும்பி வந்தது. டாக்டர் மார்ஜியா தோலோடு எடுத்துவிடலாம் என்றார். எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். கிருமி உடம்பில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்குமாம்; அவர் கொண்டுவந்ததாக இருக்கலாம், நான் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம், கல்யாணத்துக்கு முந்தியதாகக்கூட இருக்கலாம், இனிமேல் தேடிப் பயனில்லை என்றார். என்னையும் சோதனை செய்துகொள்ளச் சொன்னார், செய்துகொண்டேன், கவலைப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் மூன்று நாள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தேன். நான்காம் நாள் எனக்கும் ஒரு முதல் கணவர் இருந்தது ஞாபகம் வந்தது. அவருக்கு நீங்கள் இரண்டு குதிரை கொடுத்தீர்கள். அதன்பிறகு யாரையும் சந்தேகிக்கவில்லை.

அறுவை முடிந்து வந்தவருக்குக் கால்சட்டை போட முடியவில்லை, என் பூப்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு வாத்து மாதிரி முற்றத்தில் நடந்தார், பக்கத்து வீட்டு திலியாரா வேலிக்கு மேலே தலையை நீட்டி என்ன ஆச்சு என்றாள், மருவை மறைக்கிற அவசரத்தில் "சுன்னத்" என்று மட்டும் சொன்னேன், பாதி உண்மைதானே என்று நினைத்தேன், சாயங்கால டீ ஆறுவதற்குள் அந்தப் பாதி நாற்பது கிலோமீட்டர் போய் உங்களிடம் சேர்ந்துவிட்டது. அப்புறம் உங்கள் போன். பத்தொன்பது வருடமாக நீங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்த வெங்காயக்காரன் இருக்கானா?" என்றுதான் கேட்பீர்கள். கொரியர் என்றாலே வெங்காயம் பயிரிடுகிறவர் என்று உங்களுக்கு நினைப்பு; அவர் வெங்காயம் பயிரிட்டவரே இல்லை, பல் கட்டுகிறவர். அன்றைக்கு "மாப்பிள்ளைகிட்ட குடு" என்றீர்கள். அவர் எழுந்து நின்று பேசினார். நிற்பது அப்போது அவருக்கு எளிய காரியமில்லை. போனை வைத்த பிறகு, "என்ன சொன்னாருன்னு கேட்டியா?" என்று என்னிடமே இரண்டு தரம் கேட்டார். அந்தச் சொல்லை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வராமல்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று பதினாறாம் நாள். வீக்கம் வடிந்துவிட்டது, தையல் தானாக உதிர்கிறது. மரு திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தானாம், அதனால் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடிப்பக்கம் அவருக்குத் தெரியாது, ஆகவே நான், என் மூக்குக்கண்ணாடி, ஒரு டார்ச். வானிலை நிலையத்தில் இருபது வருடம் மேகம் பார்த்த பழக்கத்தில் இதற்கும் நோட்டு வைத்துவிட்டேன். "இன்னிக்கு வானிலை எப்படி?" என்பார், கூரையைப் பார்த்தபடி. போன வியாழன் வெள்ளையாக ஒரு முளை தெரிந்தது. இருவரும் டாக்ஸி பிடித்து ஓடினோம். மார்ஜியா எட்டிப் பார்த்துவிட்டு, "இது நூல்மா. நான் போட்ட முடிச்சு. அத விட்டுடுங்க, தானா விழும்" என்றார். வீட்டு வாசலில் அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரித்தால் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். ஆறு வாரத்துக்குக் குதிரையேற்றம் கூடாது. அதற்குப் பிறகும் ஒரு பொய்யின் மேல் அவரை ஏற்றி ஊரைச் சுற்ற எனக்குச் சம்மதமில்லை. குதிரை அங்கேயே இருக்கட்டும். மறுபடி "வெங்காயக்காரன்" என்று கூப்பிடுவதானால் என்னிடம் கூப்பிடுங்கள், அவர் காதில் விழ வேண்டாம்.

உங்கள் புல்வெளி காயாமலும் உங்கள் வாசலில் விருந்தாளி குறையாமலும் இருக்கட்டும். மாமிக்கு என் முத்தங்கள்.

பணிவுடன்,
கென்ஜெகுல்

பின்குறிப்பு: உறை தேட உள்ளே போயிருந்தபோது நீங்கள் போன் செய்தீர்கள். அவர் எடுத்துவிட்டார். நான் ஓடி வருவதற்குள், இத்தனை பக்கத்தில் நான் சுற்றி வளைத்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார்: "மாமா, இது மதத்துக்குச் செஞ்சதில்ல, மருவுக்குச் செஞ்சது." அவர் கையிலிருந்த ரிசீவரை நான் என் காதுக்கும் சாய்த்தேன். நீங்கள் இருமினீர்கள். "எதுக்கு வெட்டுனா என்ன மாப்ள, வெட்டுனது வெட்டுனதுதானே. குதிரைய வண்டில ஏத்தியாச்சு, இனி அது இறங்காது" என்றீர்கள்.

ஆகவே மேலே எழுதியதில் ஆறு வாரம் என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ரத்து. அவர் குதிரைமேல் ஏற மாட்டார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பாராம். மெதுவாக. தொப்பியின் சுற்றளவு ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று மாமியிடம் சொல்லுங்கள். இன்றைய நோட்டில் "தெளிவு" என்று எழுதியிருக்கிறேன்.