பிறைக் கணக்குப்படி இருபத்தைந்து

முஹர்ரம் பிறை தெரிந்த மறுநாள் காலையில் மிஷாரி கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டான். நெஞ்சு கொஞ்சம் அகலமாகியிருந்த மாதிரி தெரிந்தது. ஆகாதா பின்னே? அவன் பிறந்தது முஹர்ரத்தில். இந்த முஹர்ரத்தோடு வயது இருபத்தைந்து.

"ஜவாஹிர்! இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல ஒரு முழு ஆம்பளை இருக்கான், தெரியுமா?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "அப்படியா? யாருங்க வந்திருக்காங்க?"

இதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிற நிலையில் அவன் இல்லை. ஒரு வருஷமாக இந்த நாளுக்குத்தான் அவன் தவம் கிடந்தான். காரணம், போன வருஷத்து விடுமுறை.

ஜித்தாவில் வெயில் ஆளை அவிக்கிற மாதத்தில், காசு இருக்கிறவன் இல்லாதவன் எல்லோரும் அப்ஹா மலைக்கு ஓடுவார்கள். மிஷாரியும் போன வருஷம் புதுப் பெண்டாட்டியோடு விமானம் ஏறினான். அப்ஹாவில் இறங்கி, வாடகைக்கு வண்டி கொடுக்கும் இடத்தில் போய், அந்தப் பெரிய ஜீப்பைக் கொடு என்று கெத்தாகக் கேட்டான். இருபத்தைந்து ஆகாதவர்களுக்குப் பெரிய வண்டி கிடையாது தம்பி என்று சொல்லி, ஒரு சின்னக் காரைத் தள்ளிவிட்டார்கள். காரா அது? சக்கரம் வைத்த சோப்பு டப்பா! முழங்கால் முகவாயில் இடிக்க இடிக்க ஓட்டினான். பாதி மலை ஏறியதும் அது பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜவாஹிரின் அக்கா ஹெஸ்ஸாவை அந்தப் பக்கத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவாயில் இறங்கினால் ரிஜால் அல்மா பக்கம் அவர்கள் வீடு. ஹெஸ்ஸாவின் புருஷன் தாமிர் இருக்கிறானே, மிஷாரியின் அருமைச் சகலை, அவன் சொந்தபந்தம் முழுக்க போன் போட்டுச் சொல்லிவிட்டான்: "நம்ம ஜித்தா மாப்பிள்ளை வண்டியில வரல, வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாரு!"

அந்தச் சிரிப்பு மிஷாரியின் காதில் ஒரு வருஷம் ஒலித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் இப்போது வயது வந்ததும் முதல் வேலையாகத் தாமிருக்கே போன் போட்டான்.

"சகலை, இந்த வருஷம் பாரு. பெரிய ஜீப்பு. நானே ஓட்டிக்கிட்டு உன் கணவாயில இறங்கி, உன் வீட்டு முற்றத்துல வந்து நிறுத்துறேன். நிறுத்தலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"வாப்பா, வா. பார்த்து வா. நான் தினம் கண்ணை மூடிக்கிட்டு இறங்குற கணவாய்தான், ஆனா உனக்குப் புதுசு பாரு" என்றான் தாமிர்.

இனி மானம் முழுக்க அந்த ஜீப்பின் ஸ்டீயரிங்கில். மிஷாரி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான்.

"அப்ஹாவுக்குக் கிளம்பறோம். எனக்கு இருபத்தஞ்சு ஆயாச்சு."

ஜவாஹிர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவனைவிட ஒரு வயது மூத்தவள். அதை அவள் சொல்லிக்காட்டுவதில்லை, அவனும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. அவள் கரண்டியை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சா? நிச்சயமா?"

"எங்கம்மா சொன்ன கணக்கு."

"அப்ப சரி. அத்தை கணக்கு தப்புமா?" என்றாள். "நீங்க ஒண்ணுக்கும் அலையாதீங்க. டிக்கெட்டு, வண்டி எல்லாம் நானே புக் பண்ணிடறேன்."

ஒரு கணக்கு டீச்சர் கணக்கைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகப் பேசினால், வேறு எந்தப் புருஷனும் உஷாராகியிருப்பான். மிஷாரிக்கு ஆனந்தம்தான் வந்தது. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு விஷயம்தான் அவனை உறுத்திக்கொண்டிருந்தது. ஜவாஹிரும் லைசென்ஸ் வைத்திருந்தாள். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அவளை அவன் வண்டி ஓட்ட விட்டது, வெள்ளிக்கிழமை காலையில் ஆள் இல்லாத சூப்பர் மார்க்கெட் வாசலில் மட்டும். அங்கேயும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டே இருப்பான். பள்ளிக்கூடத்துக்கு அவள் வாடகைக் காரில்தான் போய் வந்தாள். மலையில் போய் "கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டா?" என்று ஆரம்பித்துவிட்டால்? அதைத் தாமிர் பார்த்துவிட்டால்? மிஷாரி யோசித்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் கைப்பையிலிருந்து லைசென்ஸ் கார்டை நைசாக உருவி, அலமாரியில் காப்பி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டான். செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பெட்டி கட்ட வந்தான்.

அப்ஹா விமான நிலையத்தில் இறங்கினால் சிலுசிலுவென்று காற்று. மேகம் தரைக்கே இறங்கி வந்து நின்றது. மிஷாரி வாடகை வண்டிக் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். எதிரே ஃபாயிஸ் என்று பெயர் குத்திய இளைஞன், வாயில் சூயிங் கம்.

"ஜீப்பு. மிஷாரிங்கற பேர்ல புக் ஆயிருக்கும் பாருங்க."

ஃபாயிஸ் தட்டினான். "இல்லையே அண்ணே."

"ஜவாஹிர்னு பாருங்க" என்றாள் ஜவாஹிர், முகத்திரைக்கு மேலே தெரிந்த கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு.

"ஆங், இருக்கு. ஓட்டப் போறது யாரு?"

"இது என்ன கேள்வி? நான்தான்!" மிஷாரி தன் லைசென்ஸை மேஜைமேல் சப்பென்று வைத்தான். ஃபாயிஸ் அதைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், மெல்லுவதை நிறுத்தினான்.

"அண்ணே, உங்களுக்கு இருபத்துநாலுதானே ஆகுது?"

"யாருக்கு? நல்லாப் பாருய்யா. முஹர்ரத்தோட இருபத்தஞ்சு!"

"அது பிறைக் கணக்கு. இங்க இங்கிலீஷ் கணக்கு. பிறை வருஷம் சின்னது இல்லையா, அதான் முன்னாடி ஓடிடுச்சு. இங்கிலீஷ் தேதிக்கு உங்களுக்கு இன்னும் ஒம்பது மாசம் பாக்கி."

மிஷாரிக்குக் காது சூடாகிவிட்டது. "என்னய்யா அநியாயம்! நான் பொறந்தப்ப எங்கம்மா பிறையைப் பார்த்தாங்களா, காலண்டரைப் பார்த்தாங்களா? வேணும்னா போன் போட்டுத் தர்றேன், கேளு!"

"உங்கம்மா சொன்னா நான் ஒத்துக்குவேண்ணே. கம்ப்யூட்டர் ஒத்துக்காதே."

"நோன்பு எதை வச்சுப் பிடிக்கிறோம்? பிறையை வச்சுத்தானே?"

"நோன்பை நாங்க வாடகைக்கு விடறதில்லையே. சரி, சம்பளம் எந்தக் கணக்குல வாங்கறீங்க?"

"இங்கிலீஷ் மாசம்தான்..."

"அப்ப வயசும் அதுலதாண்ணே."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் களுக்கென்று சிரித்தார். மிஷாரி குரலைத் தாழ்த்தினான். "சரி விடு. போன வருஷம் குடுத்தியே ஒரு சோப்பு டப்பா, அதையாவது குடு."

"சின்ன வண்டி எல்லாம் போயிடுச்சு. சீசன் பாருங்க. ஒண்ணு செய்யலாம். அக்காவுக்கு இருபத்தஞ்சு தாண்டிடுச்சு, ரெண்டு கணக்குலயும். அவங்க ஓட்டலாம். இல்லேன்னா வெளியில டாக்ஸி நிக்குது."

டாக்ஸியில் போய்த் தாமிர் வீட்டில் இறங்குவதா! அதைவிட நடந்தே போகலாம். ஆனால் பெண்டாட்டி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து போவதா? இரண்டுமே முடியாது. இந்த இக்கட்டில் அவனுக்குக் காப்பி டப்பா ஞாபகம் வந்தது. ஜம்பமாகச் சொன்னான்: "அதெல்லாம் முடியாது. அவ லைசென்ஸு வீட்டுல இருக்கு."

ஜவாஹிர் மெல்லத் திரும்பினாள். "வீட்டுல இருக்கா? நான் தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சேனே. எங்க இருக்கு?"

"காப்பி டப்பாவுக்குப் பின்... பின்னாடி பார்த்த மாதிரி ஒரு ஞாபகம்."

"அடடா. கார்டு தானா நடந்து போய் அலமாரி ஏறிடுச்சு போல."

"அதான் சொல்றேன், கார்டு இல்லாம..."

"கார்டு எதுக்குங்க?" ஜவாஹிர் போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி ஃபாயிஸ் முன்னால் நீட்டினாள். அதில் அவள் லைசென்ஸ் பளிச்சென்று தெரிந்தது, அரசாங்க முத்திரையோடு. "எல்லாம்தான் இதுல வந்துடுச்சே. நீங்க உங்க போன்ல பந்தாட்டம் மட்டும் பார்த்தா எப்படித் தெரியும்?"

"மாஷா அல்லாஹ்" என்றான் ஃபாயிஸ். சாவி மிஷாரியின் மூக்குக்கு நேரே பறந்து ஜவாஹிரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜீப் கிளம்பியது. மிஷாரி பக்கத்து இருக்கையில் பேரீச்சம்பழப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான். சகலைக்கு என்று வாங்கிய உயர்ந்த ரகப் பழம்.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றான்.

"என்னங்க தெரியும்?"

"கணக்கு."

"நான் கணக்கு டீச்சருங்க. தெரியலேன்னாத்தான் வேலை போயிடும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? அத்தை கணக்குன்னு சொன்னீங்க. மாமியார் கணக்கைத் திருத்தற மருமக எந்த ஊருல இருக்கா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே மூடுபனி தவிர ஒன்றும் இல்லை. கணவாய் ஆரம்பித்ததும் சாலை குப்புற விழுந்த மாதிரி கீழே இறங்கியது. வளைவுக்கு வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம்.

"பிரேக்கு! பிரேக்கைப் பிடி!"

"பிரேக்கையே பிடிச்சுக்கிட்டு இறங்கினா அது சூடாகிப் பிடிக்காமப் போயிடும். கியரைக் குறைச்சு இறங்கணும்" என்று அவள் பாட்டுக்குக் கியரைக் குறைத்தாள். வண்டி பசு மாதிரி அடங்கி நடந்தது.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"அக்கா போன்ல சொன்னா."

"ஹெஸ்ஸா அண்ணிக்கு எப்படித் தெரியும்?"

"மச்சான் ஓட்டறதைப் பார்த்துக் கத்துக்கிட்டிருப்பா" என்றாள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஒரு வளைவில் குரங்குப் படை ஒன்று சாலையை மறித்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஆள் உயரம். ஹாரனை அடி என்று மிஷாரி பதறினான். அவள் அடிக்கவில்லை, வண்டியை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருந்தாள். தானும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவன் ஜன்னலை இறக்கி ஒரு பழத்தை எறியப் போனான். ஒரு கிழட்டுக் குரங்கு வந்து, எறிகிற சிரமம் உங்களுக்கெதற்கு என்கிற மாதிரி, பெட்டியையே வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஜவாஹிர் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவளைச் சரியாகப் பார்த்தான். என்ன நிதானம், என்ன சந்தோஷம் அந்தக் கண்ணில்! இந்த ஒரு வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை அவன் வீட்டில் பார்த்ததில்லை. சூப்பர் மார்க்கெட் வாசலில் நிச்சயமாகப் பார்த்ததில்லை. அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"நல்லாத்தான் ஓட்டுற" என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"கேக்கலீங்க."

"நல்லா ஓட்டுறேன்னு சொன்னேன்!"

"கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கலாமேன்னு பார்த்தேன்."

பனி கலைந்து பள்ளத்தாக்கு தெரிந்தது. கல் வீடுகள், அடுக்கடுக்காக வயல். மிஷாரிக்குப் போனில் தாமிரிடம் அடித்த சவடால் ஞாபகம் வந்தது. இன்னும் நாலு வளைவு தாண்டினால் தாமிர் வீடு. முற்றத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்பார்கள். இந்தக் கோலத்தில் போய் இறங்கினால் பேரை மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டு மதில் தெரிவதற்கு முந்தின வளைவில் ஜவாஹிர் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க."

"என்ன ஆச்சு?"

"அவங்க வீட்டு கேட்டு வரைக்கும்தான் ரோடு. அதுக்குள்ள வீட்டு இடம். அங்க எந்தக் கம்ப்யூட்டரும் வயசு கேக்காது. கேட்டு கிட்ட நான் நிறுத்தறேன், நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காந்து உள்ள கொண்டு போய் நிறுத்துங்க."

மிஷாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜவாஹிர்... உனக்கு என்ன வேணும் கேளு. வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை, எது கேட்டாலும் தர்றேன்."

"பெருசா ஒண்ணும் வேணாங்க. ஜித்தா போனதும் காலைல வண்டியை நான் எடுத்துக்கறேன். உங்களை ஆபீஸ்ல இறக்கி விட்டுட்டு ஸ்கூலுக்குப் போறேன். சாயங்காலம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"தினமுமா?"

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு. சூப்பர் மார்க்கெட் வாசல்ல ஆள் இருக்காது."

ஆணையிட்டாகிவிட்டது. வேறு வழி? சரி என்றான். சொன்ன பிறகு, அவ்வளவு மோசமான ஏற்பாடு இல்லை என்றும் தோன்றியது. காலையில் அரைத் தூக்கம் தூங்கிக்கொண்டே போகலாம்.

கேட்டில், மதில் மறைவில் இடம் மாறினார்கள். மிஷாரி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டான். ஒரு கையை ஜன்னலில் போட்டான். ஜீப் உறுமிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்து, காப்பிக் கெண்டியோடு நின்றிருந்த கூட்டத்துக்கு நடுவே, ஒரு வீரனின் குதிரை மாதிரி வந்து நின்றது. "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்று நாலா பக்கமும் சத்தம். ஹெஸ்ஸா ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

தாமிர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலண்டை வந்தான். மிஷாரி நெஞ்சை நிமிர்த்தினான். தாமிர் சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையை உள்ளே நுழைத்து, காதோடு காதாகக் கேட்டான்:

"சகலை, உனக்கும் கேட்டுலேர்ந்துதான் வண்டியைக் குடுக்கறாளா?"