தண்டல் ஏறிய ராட்டினம்

நான்கு சீட்டு வாங்கியாகிவிட்டது. ராட்டினத்தில் ஏற மாட்டோம் என்று பிள்ளைகள் இரண்டும் சொல்லிவிட்டன.

ரோச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மூத்தவள் இசபெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. இளையவள் மெட்டில்டாவுக்கு எட்டு. கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியில் தைத்த கவுன் இருவருக்கும். அப்பளம் வாங்கிக் கொடுத்தான், தின்றார்கள். கோணல் கண்ணாடிக் கூடாரத்தில் சிரித்தார்கள். ராட்டினத்தருகே வந்ததும் காலை ஊன்றிக்கொண்டார்கள்.

“பயமா இருக்கா?”

இசபெல்லா அம்மாவைப் பார்த்தாள். “இல்லப்பா. வேண்டாம்.”

பயம்தான் என்று ரோச் முடிவு செய்தான்.

கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணி ஒன்றுக்கு அவன் தண்டல். கடலில் பத்து ஆட்கள் அவன் சொல்லுக்கு அசைவார்கள். பதினோரு கிறிஸ்துமஸைக் கொழும்பில் கழித்திருந்தான். டிசம்பர் விடுமுறையில் தூத்துக்குடி மைதானத்தில் பொருட்காட்சி போடுவார்கள். அடுத்த வருஷம் நானே கூட்டிப்போவேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டுத் தோணி ஏறுவான். புதுத் துறைமுகம் வந்து இரண்டு வருஷமாகியும் தோணிகளுக்குச் சரக்கு குறையவில்லை. இந்த வருஷம் தோணியில் தண்ணீர் கசிந்தது. அடைத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அதனால் வீட்டில் இருந்தான்.

இன்று பொருட்காட்சிக்குக் கடைசி நாள். நாளை விடியலில் பாய் ஏற்ற வேண்டும். உச்சிப் பெட்டியில் பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு கடலைக் காட்ட வேண்டும். மூன்று வாரமாக அவனுக்கு வேறு நினைப்பில்லை.

மனைவி பிலோமி மெதுவாகச் சொன்னாள். “இங்க பாருங்க, அதுகளுக்கு வேண்டாம்னா...”

“நீ சும்மா இரு. முதல் தடவை பார்க்குதுகல்லா, அப்படித்தான் இருக்கும்.”

பிலோமி இளையவளின் கவுனைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள்.

பயத்தைப் போக்க ரோச்சுக்கு ஒரு வழிதான் தெரியும். புதிதாகத் தோணிக்கு வருகிறவனுக்கு அவன் அடிமரத்திலிருந்து பாய்க்கயிறு வரை தட்டிக் காட்டுவான். அப்படியே ராட்டினத்தையும் தட்டினான். ஆணிகளை ஆட்டிப் பார்த்தான். இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். ஒரு பக்கத்துப் பெட்டிகள் நிறைந்திருந்தன. மறுபக்கம் காலி.

ராட்டினத்தை ஓட்டும் மனுவேலைக் கூப்பிட்டான். “ஏலே, இங்கன பாரம் கூடிருக்கு. சமனா ஏத்தணும்.”

மனுவேல் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தான். பிலோமி அவனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

“பதினஞ்சு வருஷமா ஓட்டுதேன் அண்ணாச்சி. இதுவரைக்கும் கவிழ்ந்ததில்லை.”

“கவிழுததுக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாத் தோணியும் அப்படித்தாம்லே.”

வரிசையில் நின்றவர்களுக்கு இது நன்றாகக் கேட்டது. ஒரு குடும்பம் விலகிப்போனது. பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். மனுவேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல வந்தவன் ஊருக்கே பயம் காட்டிவிட்டான்.

அதைச் சரிசெய்யவும் ரோச்சே இறங்கினான். பயப்பட ஒன்றுமில்லை, ஆட்களைப் பிரித்து உட்கார வைத்தால் போதும் என்று வரிசைக்கு விளக்கினான். ஒல்லியானவர்கள் ஒரு பெட்டிக்கு மூவர். நடுத்தரம் இருவர். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி சங்கரபாண்டியனைத் தனிப் பெட்டியில் உட்காரச் சொன்னான். அவர் மனைவி சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்ன வே, என்னையும் சரக்குன்னு நெனச்சீரா?” என்றார் சங்கரபாண்டியன்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. உங்களைக் கணக்கு வச்சுத்தான் மத்தவங்களைப் போடுதேன்.”

அவருக்கு எதிர்ப் பெட்டியில் உட்கார ஈடான ஆள் இல்லை. எஞ்சின் அசையாமல் இருக்க மனுவேல் மணல்மூட்டைகள் போட்டிருந்தான். அதில் இரண்டைக் கேட்டு வாங்கி ரோச் பெட்டிக்குள் வைத்தான். அப்போதும் கொஞ்சம் குறைந்தது. அவனே ஏறி உட்கார்ந்தான்.

“அப்பா ஒரு சுத்து போயிட்டு வாரேன். பார்த்துக்கிட்டே நில்லுங்க. அடுத்த சுத்து சேர்ந்து போவோம்.”

மெட்டில்டா தலையாட்டினாள். ரோச்சுக்கு நிம்மதியாக இருந்தது.

ராட்டினம் சுற்றியது. மூன்றாவது சுற்றில் எஞ்சினின் பெல்ட் அறுந்தது. ரோச் உச்சியில் நின்றான். சங்கரபாண்டியன் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றார்.

மனுவேல் தலையைச் சொறிந்தான். பெல்ட் அறுந்தால் பாரமான பக்கம் தானாகக் கீழே வந்துவிடும், வந்த பெட்டியிலிருந்து ஆட்களை இறக்கிவிடலாம், அதுதான் வழக்கம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். இன்றைக்கு எந்தப் பக்கமும் பாரமில்லை. தண்டல் அவ்வளவு சமமாக ஏற்றியிருந்தார்.

சங்கரபாண்டியன் இறங்கக் கால் வைத்தார்.

“இறங்காதீங்க அண்ணாச்சி,” என்று மேலேயிருந்து ரோச் கத்தினான். “நீங்க இறங்கினா நான் தலைகீழா வந்துருவேன்.”

அவர் காலை எடுத்துக்கொண்டார். ஒரு முழத்துக்குக் கீழே தரை. மனைவி கொண்டுவந்து கொடுத்த சோடாவைப் பெட்டியிலிருந்தபடியே குடித்தார். குடித்துவிட்டு ரோச்சின் தொழிலைப் பற்றியும் தோணியைப் பற்றியும் சிலது சொன்னார்.

காற்று அடித்தது. பெட்டி ஆடியது. பத்தொன்பது வருஷக் கடலில் வராத மயக்கம் ரோச்சுக்கு அங்கே வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். கீழே கூட்டத்தில் அவன் தோணி ஆள் வளன் நின்றிருந்தான்.

“தண்டல், நங்கூரம் போடட்டுமா?”

கூட்டம் சிரித்தது. நாளை அந்த வளனைத்தான் பாய் ஏற்றச் சொல்ல வேண்டும்.

சிரிப்பு அடங்கியபின் ரோச் கண்ணைத் திறந்தான். ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால், மாதா கோயிலுக்கு அப்பால், கடல் தெரிந்தது. பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. அவ்வளவு தூரத்திலும் தன் தோணியை அவன் உடனே கண்டுகொண்டான். விரல் அளவு இருந்தது. இதைத்தான் காட்ட நினைத்தான். பக்கத்தில் இரண்டு மணல்மூட்டைகள் இருந்தன.

கீழே பார்த்தான். மெட்டில்டா நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையசைத்தான். அவள் அக்காவைத் தொட்டுக் காட்டினாள். இருவரும் கையசைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குக் கை வலித்திருக்கும். இறக்கிக்கொண்டார்கள். பார்ப்பதை நிறுத்தவில்லை.

பெல்ட் போட முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரோச் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினான். சங்கரபாண்டியன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல மிச்சம் வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு போனார்.

மனுவேல் எஞ்சினை மூடினான். இனி ராட்டினம் ஓடாது என்றான்.

இனி அடுத்த வருஷம்தான் என்று ரோச் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரியாது. மெட்டில்டாவின் கவுனில் ஒட்டியிருந்த அப்பளத்துணுக்கைத் தட்டிவிட்டான். அவள் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். இசபெல்லா மறுபக்கம் வந்து நின்றாள்.

“வீட்டுக்குப் போவோம்ப்பா,” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

போகிற வழியில், மிச்சமிருந்த மூன்று சீட்டுகளையும் கொடுத்துவிடலாம் என்று சீட்டுக் கூண்டருகே நின்றான். உள்ளே இசக்கித்தாய் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இதை வச்சுக்கோம்மா. நாங்க ஏறலை. பிள்ளைகளுக்குப் புதுசுல்லா, பயந்துட்டுதுக.”

இசக்கித்தாய் கூண்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பிலோமி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். இசக்கித்தாய் அதைக் கவனிக்கவில்லை.

“இவளுகளா பயப்படுதாளுக? வருஷா வருஷம் ஏறி, உச்சிக்குப் போனதும் கடலைப் பார்த்துட்டு, ‘எங்க அப்பா தோணியைக் காணோம், இறக்கி விடுங்க’ம்பாளுக. இந்த வருஷம் அப்பா கீழ நிக்காருல்லா அண்ணாச்சி, மேல அவளுகளுக்கு என்ன சோலி?”