ஏகமனதாக ஒரு லீடர்

முப்பத்திரண்டு பேர் படிக்கும் வகுப்பில், லீடர் தேர்தல் சீட்டுகளை எண்ணிப் பார்த்தால், ஆளுக்கு ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

"எல்லாரும் அவங்கவங்களுக்கே போட்டுக்கிட்டீங்களா?" என்றாள் புது டீச்சர்.

"நல்லவங்களுக்குப் போடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!"

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள். மதியம் கல்வி அதிகாரி வருகிறார். "குடிமைப் பண்பைப் புத்தகத்துல வாசிச்சுக் காட்டினா போதாதும்மா. பிள்ளைங்களே தேர்ந்தெடுத்த லீடரை அவர் முன்னால நிறுத்தணும். இல்லேன்னா உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நான் வாயே திறக்க முடியாது" என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"சரி, தனக்குத்தானே போடக் கூடாது."

மறுபடியும் ஆளுக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா இது?"

"கூட்டணி, டீச்சர்."

டீச்சர் பெருமூச்சு விட்டாள். "எழுந்து நின்னு பேசி ஓட்டுக் கேளுங்க!"

குண்டூசி என்ற பையன் மேசைமேல் ஏறினான். "நான் லீடரானா, பேசறவங்க பேரைப் போர்டுல எழுதவே மாட்டேன்!"

"போன வருஷமும் இதையேதான்டா சொன்னே! மறுநாளே என் பேரை எழுதினே!"

"எனக்கு அடிக்கோடு வேற போட்டான்!"

டஸ்டர் பறந்தது. வகுப்புக்குள் சின்னதாய் ஒரு வெள்ளை மேகம் இறங்கியது. அதற்குள்ளிருந்து முதல் பெஞ்சு வாயாடி இருமிக்கொண்டே வந்தாள்.

"டீச்சர், கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்க. நாங்களே பேசி முடிச்சுடறோம்."

டீச்சர் வெளியே நின்றாள். உள்ளே ஒரே கிசுகிசு. திரும்பி வந்து சீட்டுகளைப் பிரித்தால், 'தும்பி', 'தும்பி', 'தும்பி'. அத்தனையிலும் தும்பி! பயல் தனக்கே போட்டுக்கொண்டிருக்கிறான், போகட்டும் என்று விட்டுவிட்டாள். யாருக்கு எந்தப் பட்டப்பெயர் என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி வந்தார். டீச்சர் சீட்டுகளை அவரிடம் நீட்டினாள்.

"ஏகமனதாவா? எங்க ஆபீஸ்ல ஃபேனைப் போடறதா வேண்டாமான்னே ஏகமனதா முடிவானதில்ல! உங்களை மாதிரி டீச்சர்தான் வேணும். எங்கே அந்தத் தும்பி? வா ராஜா!"

யாரும் அசையவில்லை. டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

வாயாடி பவ்வியமாகக் கைகட்டி எழுந்தாள்.

"அவன் போன மாசமே வேற ஸ்கூலுக்குப் போயிட்டான் சார். எங்க பேரைப் போர்டுல எழுத மாட்டான்னு நம்பி ஓட்டுப் போட, அவனை விட்டா வேற ஆளே இல்ல!"