பெரிய வண்டியே அனுப்புங்க

"சின்ன வண்டி போதும் சார்," என்றது லாரி ஆபீஸ் குரல்.

"இன்னும் சாமான் என்னன்னே நான் சொல்லலையே?"

"விலாசம் சொன்னீங்கல்ல? அந்தக் கட்டடத்துக்குச் சின்ன வண்டியே தாராளம்."

வாடகை வீட்டைக் காலி செய்யவிருந்த அவருக்குச் சுருக்கென்றது. குடித்தனத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அளந்துவிட்டானே! "எங்க வீட்ல பீரோவே ஆளுயரம். பெரிய வண்டியே அனுப்புங்க," என்று பட்டென்று ஃபோனை வைத்தார்.

அவருக்கு வேலை பஸ் டிப்போவில், தொலைந்த பொருள் பிரிவில். பஸ்ஸில் விட்டுப் போன பையையோ குடையையோ தேடி யார் வந்தாலும், "அடையாளம் சொல்லுங்க" என்பார். எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று சொல்லாதவருக்குக் குடை கிடையாது. பல்செட் கேட்டு வந்த பெரியவரைக்கூட, மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். அதனால் டிப்போவில் அவர் பெயரே 'அடையாளம்' என்று ஆகிவிட்டது.

புது வீட்டைக் கழுவிவிட மனைவி காலையிலேயே போய்விட்டாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எது உடைஞ்சாலும் பரவால்ல. என் தையல் மெஷின் பத்திரம். அடுத்த வாரம் ஸ்கூல் யூனிஃபார்ம் கொடுக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

பெரிய வண்டி வந்து நின்றபோது பாதி வாசல் இருட்டிவிட்டது. வழியனுப்ப வந்த அக்கம்பக்கத்தார் அண்ணாந்து பார்த்தார்கள். அடையாளத்துக்கு உச்சி குளிர்ந்தது. ஆட்கள் மளமளவென்று சாமான்களை ஏற்ற, அவர் கடைசியாக ஒரு பார்வை பார்க்கப் பின்பக்க பால்கனிக்குப் போனார்.

அங்கே ஏணி நின்றுகொண்டிருந்தது.

அது மேல்வீட்டு டீச்சருடையது. குடிவந்த வாரம், "பல்பு மாட்ட ஏணி வேணுமே" என்று தானாகவே கொண்டுவந்து கொடுத்த புண்ணியவதி. இரண்டு தடவை இவர் திருப்பிக் கொடுக்கப் போனார். "இருக்கட்டும் சார், என்ன அவசரம்?" என்றுவிட்டார் டீச்சர். அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது எல்லோர் முன்னாலும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் மானம் போகும். விட்டுவிட்டுப் போனால் பின்னால் பேசுவார்கள். வண்டியில் போட்டுக்கொண்டு போய், நாளைக்கு நைசாகக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, வெள்ளைப் போர்வையால் தலைமுதல் கால்வரை சுற்றினார்.

இரண்டு பேர் அதைப் படியிறக்கிக்கொண்டு வரும்போது எதிர்வீட்டு ஆடிட்டர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். போர்வையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

"எப்ப சார் ஆச்சு? சொல்லவே இல்லையே!"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார்..."

"யாரு சார்?"

"ஏணி சார்."

அதற்குள் வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேறு வழியில்லை. போர்வையை விலக்கினார். ஏணியின் காலில் சிவப்பு பெயின்டில் 'மேல்வீடு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அட, நம்ம ஏணி!" என்றார் வாசல் கூட்டத்தில் நின்ற டீச்சர். "அதனால என்ன சார். இங்கேயே சாத்தி வைங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்."

அந்தப் பெருந்தன்மைதான் அவரைக் கொன்றது. காது இரண்டும் சுட்டது. திருடன் என்று நேராகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூட்டத்தைப் பார்க்கவே கூசியது. தன் யோக்கியதையை அந்த நிமிஷமே நிரூபித்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"வேற யார் பொருளாவது என்கிட்ட இருந்தா, தயவுசெஞ்சு எடுத்துக்குங்க!" என்று உரக்கச் சொன்னார்.

ஆடிட்டர் செருப்பை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அந்த நாற்காலிங்க... விருந்தாளி வந்தாங்கன்னு வாங்கினீங்களே?"

வாங்கியது நிஜம். திருப்பிக் கொடுத்த ஞாபகம் இல்லை. நாற்காலிகள் இறங்கின.

அடுத்து டீச்சருக்குக் கட்டில் ஞாபகம் வந்தது. அதற்கும் அடுத்து, ஆளுயர பீரோவைத் தன் வீட்டில் இடமில்லாமல்தான் இங்கே வைத்திருந்ததாக ஆடிட்டருக்கு நினைவு வந்தது. அடையாளம் ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுத்தார். பீரோவுக்கு அவரே ஒரு கை பிடித்தார்.

கடைசியில் கீழ்வீட்டு அக்கா தையல் மெஷினை வாஞ்சையாகத் தடவினாள். "இது என் மாமியாரோடது. உங்க வீட்ல ஒரு பாவாடை தைக்கணும்னு வாங்கிட்டுப் போனாங்க."

அவருக்கு மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. "ஏதாவது... அடையாளம்..." என்று இழுத்தார்.

ஆடிட்டர் சிரித்தார். "ஏணிக்கு நாங்க அடையாளம் கேட்டோமா சார்?"

எல்லோரும் ஏணியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். மெஷின் இறங்கியது.

பெரிய வண்டியில் இப்போது ஒரு பாயும் நாலு மூட்டையும் உட்கார்ந்திருந்தன. "இதுக்கா சார் இவ்வளவு பெரிய வண்டி? ஆபீஸ்ல சொல்லி மாத்திக்குங்க," என்றார் டிரைவர். அடையாளம் வெட்கத்தோடு ஃபோன் செய்தார். ஃபோனைச் சட்டைப்பையில் போடுவதற்குள் சின்ன வண்டி வந்து நின்றது. எவ்வளவு சுறுசுறுப்பான கம்பெனி என்று அந்த நிலையிலும் நினைத்துக்கொண்டார்.

புது வீட்டு வாசலில் மனைவி துடைப்பத்தோடு நின்றாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மீதி அடுத்த நடையா?"

"இவ்வளவுதாம்மா."

யார் யார் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஏணி இரவல்தான், ஒத்துக்கறேன். ஆடிட்டர் நாற்காலியை நான் அன்னிக்கே திருப்பிக் கொடுத்துட்டேன், இது நம்ம நாற்காலி. கட்டிலும் பீரோவும் எங்கப்பா வாங்கிக் கொடுத்தது! மெஷின் என் சொந்தச் சம்பாத்தியம்! டிப்போவுல ஒரு குடைக்கு அந்தப் பாடு படுத்துவீங்களே, ஒருத்தர்கிட்டயாவது வாயைத் திறந்து கேட்டீங்களா?"

"எல்லாரும் ஏணியவே பார்த்தாங்கம்மா. வெட்கமா இருந்துது."

"நான் இனி எதுலங்க தைப்பேன்?" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அதையும் வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டார்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த சின்ன வண்டி டிரைவர் அனுதாபத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கட்டடத்துல யார் காலி பண்ணினாலும் கடைசியில அந்த ஏணி வெளிய வரும் சார், சாமான் எல்லாம் திரும்ப உள்ள போயிடும்; அதனாலதான் முதலாளி காலையிலேயே என்னைத் தெருமுனையில நிக்கச் சொல்லிட்டாரு."