தொட்டால் நகரும் கொலு

"இந்த வருஷம் நம்மாத்துக் கொலு வெப்லதான்!"

ரகுராம் இப்படி அறிவித்தபோது நிருபமா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்கே?"

"வெப்ல. இண்டர்நெட்ல. பக்கத்தைத் திறந்தா படி வரும். பொம்மையைத் தொட்டா ஆடும். யானையைத் தொட்டா தும்பிக்கையைத் தூக்கும். ஒருத்தரும் இந்த டிராஃபிக்ல மல்லேஸ்வரம் வர வேண்டாம். அவாவா ஆத்துல உட்கார்ந்து பார்த்துக்கலாம்."

"சுண்டல்?"

"சட்டியைத் தொட்டா கடுகு வெடிக்கும்."

"யார் பண்ணப்போறா இதையெல்லாம்?"

"நான்தான். கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதக் கத்துக்கப்போறேன்."

"சரி, பண்ணுங்கோ" என்றாள் நிருபமா.

கல்யாணமான நாளிலிருந்து ரகுராமின் எந்த யோசனையும் அந்த வீட்டில் முதல் தடவையிலேயே சம்மதம் பெற்றதில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

உண்மைக் காரணம் அவருடைய இடுப்பு. போன நவராத்திரிக்கு பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கும்போது பிடித்துக்கொண்டது. பிறகு தினமும் சாயங்காலம் வளைந்த வாக்கிலேயே எல்லோருக்கும் சுண்டலும் காபியும் கொடுத்தார். வந்தவர்கள் எல்லாம் "என்ன பணிவு, என்ன பணிவு" என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் பெட்டியும் வேண்டாம், படியும் வேண்டாம், டபரா தூக்கும் வேலையும் வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவசரப்பட்டு ஒரு தப்பு செய்தார். கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே குடும்ப வாட்ஸப் குழுவில் விஷயத்தைப் போட்டுவிட்டார். நிருபமாவின் அக்கா கணவர் ஷங்கர், ஒயிட்ஃபீல்டில் பெரிய சாஃப்ட்வேர்காரர், உடனே பதில் போட்டார்: 'பலே ரகு! முதல் நாள் லிங்க்குக்காகக் காத்திருக்கிறேன்.'

ரகுராம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆசாமி. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த உச்சகட்ட வித்தை, மெயிலோடு பைலை இணைப்பது. அதிலும் பாதி நாள் இணைக்க மறந்துவிடுவார்.

வீடியோ பார்த்துக் கற்க ஆரம்பித்தார். அதில் வந்த பையன் சிரித்துக்கொண்டே "ரொம்ப சுலபம்" என்றான். அவன் சிரிக்கச் சிரிக்க ரகுராமுக்கு வியர்த்தது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் பக்கம் முழுக்க வெள்ளையாக நின்றது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கே இருப்பதை காப்பி செய்வது, இங்கே கொண்டுவந்து ஒட்டுவது. படித்துப் பார்ப்பதில்லை. படித்தால் பயம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரையில் ஒரு நீலக் கட்டம் இடமிருந்து வலமாக ஊர்ந்தது.

"நிரு! ஓடி வா!"

வந்து பார்த்தாள். "என்ன இது?"

"செட்டியார் பொம்மை."

"செட்டியார் இளைச்சுட்டாரே."

"இப்போதைக்குக் கட்டம். படம் போட்டுட்டா செட்டியார்."

கட்டம் ஊர்ந்து ஊர்ந்து திரையின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வரவில்லை.

"கடையைப் போட்டுட்டு எங்கே போறார்?" என்றாள் நிருபமா.

அது ரகுராமுக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க செட்டியாரைத் தேடினார். மறுநாள் ஆபீஸில் கிளைம் பாரத்தில் அடைப்புக்குறியைப் பார்த்தால்கூட மூடியிருக்கிறதா என்று சரிபார்த்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட மேல்வீட்டு ஜோசஃபின் வேறு, "என்ன ரகு சார், கொலு ஆன்லைனாமே! சுண்டல் டவுன்லோடா?" என்று கேட்டு, "சும்னே, சும்மாதான் கேட்டேன் சார்" என்று சிரித்துவிட்டுப் போனாள். வருஷா வருஷம் ஒரு நாள் தவறாமல் சுண்டலுக்கு வருபவள் அவள்.

படங்களை நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ரகுராம் நினைத்திருந்தார்.

"யாராத்துப் பொம்மையையோ போட்டு நம்மாத்துக் கொலுன்னா ஷங்கர் அத்திம்பேர் ஒத்துப்பாரா? நம்ம மரப்பாச்சிக்கு மூக்கு உடைஞ்சது அவருக்குத் தெரியும்" என்றாள் நிருபமா.

ஷங்கர் பெயரைக் கேட்டதும் ரகுராம் ஏணியை எடுத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே பெட்டிகளை இறக்கினார். பழைய துணி சுற்றியிருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"தூசி இருந்தா படத்துல தெரியாதோ?" என்று கேட்டாள் நிருபமா.

தெரியும். பிரஷ் வைத்துத் துடைத்தார்.

சாப்பாட்டு மேஜையில் நிறுத்திப் படம் எடுத்தார். எல்லாப் பொம்மைக்கும் பக்கத்தில் கருப்பாக நிழல் விழுந்தது. நிருபமா எட்டிப் பார்த்தாள்.

"ஜன்னல் பக்கம் இரும்புப் படியை மாட்டி, அதுல வெச்சு எடுங்கோளேன். வெளிச்சம் நேரா விழும்."

சரியான யோசனையாகத்தான் பட்டது. போல்ட்டையெல்லாம் முடுக்கிப் படியை நிறுத்தினார். பின்னணி வெள்ளையாக இருந்தால்தான் படத்தை வெட்ட சுலபம் என்று வீடியோ பையன் சொல்லியிருந்தான். ஆகவே வெள்ளை வேஷ்டியை விரித்தார். தசாவதாரத்தை மச்சம் முதல் கல்கி வரை வரிசையாக அடுக்கினார். திரையில் வரிசை மாறினால் ஷங்கர் சும்மா விடமாட்டார். கீழ்ப்படியில் செட்டியார் கடை, யானை எல்லாம் வந்தாயிற்று. நிருபமா சோபாவில் உட்கார்ந்து, "பிள்ளையாரை இன்னும் கொஞ்சம் நடுவில" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமாவாசை சாயங்காலம் கலசத்தைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

"அவ்வளவுதான். இனிமே எல்லாத்தையும் எடுத்துப் பெட்டியில போட்டுடறேன்."

"ஐயையோ, தொடாதீங்கோ! கலசம் வெச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் கலைக்கப்படாது."

ரகுராம் படியைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை, தன் கையாலேயே, முழுக் கொலு. போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். யார் வரப்போகிறார்கள்? சுண்டல் இல்லை, காபி இல்லை. அந்த மட்டும் லாபம்.

அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. விடிந்தால் முதல் நாள், செட்டியார் இன்னும் திரும்பி வரவில்லை.

"நிரு, பக்கத்துக்குக் கீழே நாலு வார்த்தை வேணும். தமிழ்ல அடிச்சுக் குடேன். எனக்கு அரை நாள் ஆயிடும்."

"என்ன எழுதட்டும்?"

"என்ன வேணா எழுது. எனக்கு இந்த மனுஷன் திரும்பி வந்தாப் போதும்."

அவள் எழுதி போனில் அனுப்பினாள். ரகுராம் வழக்கம்போல காப்பி செய்தார், ஒட்டினார், செட்டியாரிடம் திரும்பினார்.

மறுநாள் லீவு போட்டார். மத்தியானத்துக்குமேல், எங்கேயோ ஒரு கழித்தல் குறியைப் போட்டதும், செட்டியார் விளிம்புவரை போய்த் திரும்பிக் கடைக்கு வந்துவிட்டார். ரகுராமுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாமி கும்பிட்டுவிட்டு லிங்க்கைக் குடும்பக் குழுவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அனுப்பினார். நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

போன் அடித்தது. ஷங்கர்.

"ரகு, பிரமாதம்! யானை தும்பிக்கையைத் தூக்கறது பார், நான் அசந்துட்டேன். கிளம்பிட்டோம்."

"எங்கே?"

"உங்காத்துக்குத்தான். நீதானே கூப்பிட்டிருக்கே?"

"நானா?"

"கீழே வரைக்கும் இழுத்துப் பாருப்பா."

ரகுராம் இத்தனை நாளும் மேலே ஆடும் பொம்மைகளை மட்டுமே பார்த்திருந்தார். முதல் தடவையாகத் தன் பக்கத்தின் அடி வரை போனார். அங்கே இப்படி இருந்தது:

'தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் நேரில் வந்து கொலு பார்த்துத் தாம்பூலம் பெற்றுச் செல்லவும். இந்த வருடம் படி கட்டி, பொம்மை அடுக்கியவர் ரகுராம். சுண்டலும் காபியும் அவர் கையால். வேண்டுவோர் அவரைத் தொடவும்.'

பதறிப்போய் அந்த வரிகளை அழித்தார். கூடவே எதுவோ போயிற்று. பக்கம் வெள்ளையாகிவிட்டது. யானை இல்லை, செட்டியார் இல்லை. ஷங்கர் வழியில் திறந்து பார்த்தால் மானம் போய்விடும். அழித்ததையெல்லாம் அவரே, தன் கையாலேயே, திரும்பக் கொண்டுவந்தார். பிறகு சமையலறைக்கு ஓடினார்.

அடுப்பில் பெரிய அடுக்கு நிறைய கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது.

"என்னைக் கேக்காம ஊரையே கூப்பிட்டிருக்கியே!"

"உங்க கையிலதானே குடுத்தேன்? நீங்கதானே ஒட்டினேள்?"

"கடலை எப்போ ஊறப்போட்டே?"

"நேத்து ராத்திரி."

"வாங்கினது?"

"நீங்க வெப்ல கொலுன்னு சொன்னேளே, அன்னிக்கு."

ரகுராம் வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது. ஜோசஃபின்தான் முதல் ஆள். மணி ஆறு. அவளுக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கச் செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஹாலில் கால் வைக்க இடமில்லை. எல்லோர் கையிலும் போன். படியில் உள்ள யானையைப் பார்ப்பதும், போனில் உள்ள யானையைத் தொடுவதுமாக ஒரே ஆரவாரம். போன வருஷத்தைவிடக் கூட்டம் அதிகம். எல்லாம் அவர் எழுதிய ஸ்கிரிப்டின் மகிமை.

ஷங்கர் உள்ளே வந்தார். கொலுவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மலைத்துப்போய் மூலையில் நின்ற ரகுராமிடம் வந்து, சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ரகுராம் அசையவில்லை.

"என்ன நிரு, தொட்டா ஒண்ணும் நடக்கலையே?"

சமையலறையிலிருந்து நிருபமாவின் குரல் வந்தது.

"இன்னொரு தரம் தொடுங்கோ அத்திம்பேர். பழைய மாடல், லோட் ஆகக் கொஞ்சம் நேரமாகும்."

ஷங்கர் இன்னொரு தரம் தொட்டார். ரகுராம் சுண்டல் பக்கம் நகர்ந்தார்.