கொய்யா இலை உருண்டை

“முழுங்கியாச்சா?” என்றாள் மனைவி.

தையல்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த கொய்யா இலை உருண்டை வெளியே விழுந்துவிடும்.

பத்து வருஷத்துச் சர்க்கரை இப்போது பாதத்தில் இறங்கியிருந்தது. மிதிக்கிற கால் மரத்துப்போய், வேகம் தெரியாமல் மிதித்து, போன வாரம் துணியோடு விரலையும் சேர்த்துத் தைத்துவிட்டார். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“மாத்திரை மட்டும் போதாது. நடக்கணும். மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலேன்னா தையல் மிஷினை மறந்துடுங்க.”

வேறு தொழில் தெரியாத மனிதர். ஆனாலும் நடக்க மட்டும் மாட்டார்.

“நாள் முழுக்க மிதிக்கிறேனே, அது போதாதா? இதே மிதியைச் சைக்கிள்ல மிதிச்சிருந்தா இந்நேரம் கடலையே பார்த்திருப்பேன்.”

“சரி, மாத்திரையோட இந்த இலையையாவது சாப்பிடுங்க” என்று மனைவி அன்றிலிருந்து அரைத்து உருட்ட ஆரம்பித்தாள். நெல்லிக்காய் அளவு. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது.

முதல் நாள் உருண்டையை நைசாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியை மார்போடு அணைத்து அளவு பார்த்தார். நடுவில் பச்சையாக ஒரு வட்டம் விழுந்தது.

“இது என்ன புது டிசைனா?” என்றார் துணிக்குச் சொந்தக்காரர்.

மறுநாளிலிருந்து சமையலறைத் தொட்டியில் கரைத்து விட்டார். நாலாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க வந்தவர் பச்சையாக ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார். மனைவி அதைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். மறுநாளும் உருண்டையை உருட்டி நீட்டினாள்.

“நூல் வாங்கிட்டு வந்துடறேன்” என்று அதற்கப்புறம் உருண்டையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனார். வழியிலேயே வீசிவிடலாம்தான். வெட்டுத்துணியின் ஒரு இழையைக்கூடத் தரையில் விடாத மனிதருக்கு அதற்கு மனசு வரவில்லை.

நாலே நாளில் தொட்டியைக் காணோம். தேடினால் அடுத்த தெருவில் இருந்தது. அடுத்த வாரம் அங்கேயும் இல்லை, பூங்காவைத் தாண்டி நின்றது. அப்புறம் மார்க்கெட்டுக்குப் பின்னால்.

“ஒரு தொட்டியை ஒரு இடத்துல வைக்கத் துப்பில்ல” என்று திட்டிக்கொண்டே தினமும் நடந்தார். வீட்டில் நூற்கண்டு வைக்க இடமில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“சர்க்கரை நல்லா இறங்கியிருக்கே. இப்படியே போனா மிஷினை விட வேண்டாம். அப்படி என்ன பண்ணீங்க?”

“கொய்யா இலை” என்றாள் மனைவி.

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

“இனிமே சாயங்காலமும் ஒண்ணு” என்றாள் அவள்.

எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் உருண்டையோடு மார்க்கெட்டுக்குப் பின்னால் போனால், துப்புரவுக்கார அம்மா தொட்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“இதை மறுபடியும் எங்கேம்மா கொண்டு போறீங்க?” என்றார், மூச்சு வாங்க.

அவள் நின்று, அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஸ்டேஷன் பக்கம் சார். ரிப்போர்ட் நல்லா வந்துடுச்சாம், இன்னும் ரெண்டு தெரு தள்ளி வைக்கச் சொல்லி உங்க வீட்டம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க.”